தார், ஜீப், மஸ்டாங்... பின் ஆக்ஸில் ‘கிரவுன் பினியன்’ மாற்றினால் என்ன ஆகும்? கல்வராயன் மலை இறக்கத்தில் காத்திருக்கும் சிக்கல்!

விடுமுறை நாள் வந்தால் போதும், கள்ளக்குறிச்சியில் இருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக கல்வராயன் மலைக்கு வண்டிகள் கிளம்பிவிடும். மேகம் அருவி, பெரியார் அருவி, வெள்ளிமலை என்று ஒரு சுற்று. இந்த வண்டிகளில் பெரிய டயர் மாட்டிய தார், பழைய மஹிந்திரா ஜீப், சத்தம் கூட்டிய சைலன்சர் கார் என்று ‘செட்டிங்’ செய்த வண்டிகளும் உண்டு.

பெரிய டயர் மாட்டிய பிறகு பலரும் சொல்லும் ஒரே புகார், “வண்டி முன்ன மாதிரி இழுக்கல.” அதற்கு நண்பர்கள் வட்டத்தில் உடனே கிடைக்கும் ஒரே தீர்வு, “கிரவுனை மாத்திடு, பறக்கும்!”

உண்மையில் பறக்குமா? கிரவுன் பினியன் என்பது என்ன? அதை மாற்றினால் என்னென்ன மாறும், எது மாறவே மாறாது? மலைப்பாதையில் ஓட்டுகிறவர்கள் ஏன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

எங்கே இருக்கிறது இந்த கிரவுன்?

லாரி, பொலிரோ, டாடா ஏஸ் போன்ற வண்டிகளுக்குப் பின்னால் போகும்போது கவனித்திருப்பீர்கள். இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கும் தண்டின் நடுவில் பூசணிக்காய் போல ஒரு இரும்பு உருண்டை புடைத்துக்கொண்டு தெரியும். அதுதான் ஆக்ஸில் ஹவுசிங். கிரவுன் பினியன் அதற்குள்தான் இருக்கிறது.

இன்ஜினின் சுழற்சி கியர்பாக்ஸ் வழியாக நீளமான புரொப்பல்லர் ஷாஃப்டுக்கு வருகிறது. அந்த ஷாஃப்டின் முனையில் இருக்கும் சின்னப் பல்சக்கரம் பினியன். அது சுற்றிவிடும் பெரிய வட்டமான பல்சக்கரம் கிரவுன். கிரவுன் சுற்றினால் சக்கரம் சுற்றும்.

கிரவுனில் 41 பல், பினியனில் 11 பல் என்றால், 41-ஐ 11-ஆல் வகுக்க வேண்டும். 3.73 வரும். அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற, புரொப்பல்லர் ஷாஃப்ட் 3.73 சுற்று சுற்ற வேண்டும். இதைத்தான் ஆக்ஸில் ரேஷியோ என்கிறார்கள். பினியனில் 11-க்குப் பதிலாக 10 பல் இருந்தால் ரேஷியோ 4.10 ஆகிவிடும். ஒரே ஒரு பல் வித்தியாசத்தில் வண்டியின் குணமே மாறிவிடுகிறது.

பைக் வைத்திருப்பவர்களுக்கு இது எளிதாகப் புரியும். செயின் மாட்டும் பின் ஸ்ப்ராக்கெட்டில் பல் எண்ணிக்கையைக் கூட்டினால் பிக்கப் கூடும், டாப் ஸ்பீடு குறையும். காரில் அதே வேலையை ஹவுசிங்குக்குள் ஆயிலில் ஊறிக்கொண்டிருக்கும் கிரவுன் பினியன் செய்கிறது. ஸ்ப்ராக்கெட்டை அரை மணி நேரத்தில் மாற்றிவிடலாம். இதை அப்படி மாற்ற முடியாது. அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.

இங்கே ஒரு விஷயம். ஸ்விஃப்ட், ஐ20 மாதிரி முன் சக்கரத்தில் ஓடும் கார்களில் பின்னால் கிரவுனே கிடையாது. அந்த வேலை முன்னால் கியர்பாக்ஸோடு சேர்ந்தே முடிந்துவிடும். பொலிரோ, ஸ்கார்பியோ, தார், கூர்கா, இன்னோவா கிரிஸ்டா, ஃபார்ச்சூனர், ஃபோர்டு மஸ்டாங் போன்ற வண்டிகளுக்குத்தான் ‘பின் ஆக்ஸில் ரேஷியோ’ என்ற பேச்சே பொருந்தும்.

பவர் கூடுமா?

கூடாது. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இன்ஜின் கொடுக்கும் குதிரைத்திறன் கிரவுனை மாற்றுவதால் ஒரு துளிகூட ஏறாது. வேகத்தைக் கொடுத்துவிட்டு இழுவையை வாங்கிக்கொள்கிறோம், அல்லது இழுவையைக் கொடுத்து வேகத்தை வாங்குகிறோம். கிட்டத்தட்ட ஒரு பண்டமாற்று.

இதற்கு உதாரணம் தேடி வெளிநாடு போக வேண்டாம். கரும்பு வெட்டு நேரத்தில் கச்சிராயபாளையம், மூங்கில்துறைப்பட்டு கூட்டுறவு சர்க்கரை ஆலைகளுக்குப் போகும் டிராக்டர்களைப் பாருங்கள். ஒரு டிராக்டரின் சக்தி 50 குதிரைத்திறன் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் தாரின் சக்தி சுமார் 150. மூன்று மடங்கு. ஆனால் டிரெய்லர் நிறைய கரும்பை தாரின் பின்னால் கட்டி, “ஏறு” என்றால் என்ன ஆகும்? கிளட்ச் புகையும். டிராக்டரோ அலட்டிக்கொள்ளாமல் இழுத்துக்கொண்டு போகும்.

காரணம், டிராக்டரின் பின் ஆக்ஸிலில் கிரவுன் பினியன் குறைத்த சுழற்சியை இன்னொரு பல்சக்கரத் தொகுதி மறுபடியும் குறைக்கிறது. இன்ஜின் பல தடவை சுற்றினால்தான் அந்த பெரிய சக்கரம் ஒரு சுற்று வரும். இழுவை எக்கச்சக்கம், வேகம் சொற்பம். பின்னால் ஹாரன் அடிப்பவர்களுக்கு எரிச்சல் வரலாம். டிராக்டர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது.

3.73-ல் இருந்து 4.10: கணக்கு என்ன சொல்கிறது?

அமெரிக்க பெர்ஃபாமன்ஸ் கார்களில் அதிகம் பேசப்படும் மாற்றம் இது. மஸ்டாங் ஜிடி-யை அங்கே வாங்குபவர்கள் 3.55, 3.73 என்று ரேஷியோவைத் தேர்ந்தெடுத்தே வாங்கலாம் என்ற வசதி சில மாடல்களில் இருந்திருக்கிறது. அதுவும் போதாமல் கடையில் 4.10 வாங்கி மாட்டுபவர்கள் உண்டு.

ஒரு காரின் இன்ஜின் 400 நியூட்டன் மீட்டர் டார்க் தருகிறது, முதல் கியர் ரேஷியோ 3 என்று வைத்துக்கொள்வோம். ஆக்ஸில் 3.73 என்றால் பின் சக்கரங்களுக்குப் போய்ச் சேருவது, உராய்வு இழப்பைக் கழிக்காமல், 4,476. ஆக்ஸில் 4.10 என்றால் 4,920. சுமார் 10 சதவீதம் கூடுதல். சிக்னலில் இருந்து கிளம்பும்போது சீட்டில் முதுகு ஒட்டுவது இதனால்தான்.

இப்போது அதே காரை உளுந்தூர்பேட்டை - சேலம் நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுவோம். டயர் உயரம் 66 சென்டிமீட்டர், கியர்பாக்ஸ் ஒன்றுக்கு ஒன்று சுற்றும் கியரில் இருக்கிறது. பழைய ரேஷியோவில் இன்ஜின் நிமிடத்துக்கு சுமார் 3,000 சுற்று சுற்றும். புது ரேஷியோவில் அதே வேகத்துக்கு 3,300. கேபினில் சத்தம் கூடும், நெடுஞ்சாலை மைலேஜ் குறையும், ஒவ்வொரு கியரும் சீக்கிரமே முடிந்துபோகும். முதல் கியர் போட்ட மூச்சில் இரண்டாவது கியர் கேட்கும்.

ரேஸ் டிராக்கில் இதையெல்லாம் யாரும் பொருட்படுத்துவதில்லை. கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே சுமார் 2.1 கிலோமீட்டர் சுற்று. சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை டிராக் சுமார் 3.7 கிலோமீட்டர். ஒரே ரேஷியோ இரண்டு டிராக்குக்கும் கச்சிதமாகப் பொருந்தாது. நீண்ட நேர்பாதையின் முடிவில் டாப் கியரில் இன்ஜின் தன் உச்சத்தைத் தொட வேண்டும். அதற்கு முன்பே தொட்டுவிட்டால் ரேஷியோ குட்டை, தொடாமலே பிரேக் போட வேண்டி வந்தால் நெட்டை.

அமெரிக்காவில் மண் டிராக்கில் ஓடும் ரேஸ் கார்களுக்கு இதற்கென்றே ஒரு ஆக்ஸில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டெட் ஹாலிபிராண்ட் என்பவர் பிரபலமாக்கியது. கிரவுனைத் தொடாமல், பின்பக்க மூடியைத் திறந்து இரண்டு சின்ன பல்சக்கரங்களை மட்டும் மாற்றி மாட்டினால் ரேஷியோ மாறிவிடும். சில நிமிட வேலை. நம் ஊர் வண்டிகளில் அந்தச் சொகுசு கிடையாது.

டயரை மாற்றினாலே ரேஷியோ மாறிவிடும், தெரியுமா?

ஹவுசிங்கைத் திறக்காமலேயே நிறைய பேர் ரேஷியோவை மாற்றிவிட்டார்கள். அவர்களுக்கே தெரியாது.

தாரின் 16 அங்குல வீலில் கம்பெனி கொடுக்கும் டயர் 245/75. அதன் மொத்த உயரம் சுமார் 774 மில்லிமீட்டர். அதைக் கழற்றிவிட்டு 33 அங்குல டயர் மாட்டினால் உயரம் 838 மில்லிமீட்டர். 8 சதவீதத்துக்கும் மேல் கூடுதல். ஒரு சுற்றுக்கு வண்டி அதிக தூரம் போகும். அப்படியென்றால் இன்ஜினுக்குப் பாரம் கூடும். ஆக்ஸில் ரேஷியோ 4 என்று வைத்துக்கொண்டால், பெரிய டயர் மாட்டியதும் அது 3.7 போல நடந்துகொள்ளும்.

“இழுக்கல” என்ற புகாரின் மூலம் இதுதான். இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை, டீசலில் கலப்படமும் இல்லை. பழைய இழுவை திரும்ப வேண்டுமென்றால் ஆக்ஸில் ரேஷியோவை 4-ல் இருந்து 4.33 அளவுக்கு உயர்த்த வேண்டும். இந்த இடத்தில் ‘கிரவுனை மாத்து’ என்ற யோசனையில் நியாயம் இருக்கிறது. கம்பெனி கொடுத்த நிலைக்கு வண்டியைத் திருப்பிக் கொண்டுவருகிறோம், அவ்வளவுதான்.

ஆனால் விஷயம் இதோடு முடியவில்லை.

ஏற்றம் சரியாகும்... இறக்கம்?

கல்வராயன் மலையில் மரவள்ளிக் கிழங்கு முக்கியமான விளைச்சல். கிழங்கு ஏற்றிய வண்டிகள் மலையில் இருந்து கீழே, சேகோ ஆலைகள் இருக்கும் பக்கம் இறங்கும். அதாவது இந்த மலையில் லோடு பெரும்பாலும் ஏறுவதில்லை, இறங்குகிறது. சுற்றுலா வண்டியும் அப்படித்தான். காலையில் உற்சாகமாக ஏறுகிறவர்கள், நாள் முழுக்க அலைந்து களைத்து, இருட்டுகிற நேரத்தில் இறங்குகிறார்கள்.

இறக்கத்தில் வண்டியைப் பிடிப்பது இரண்டு விஷயங்கள். ஒன்று இன்ஜின், இன்னொன்று பிரேக்.

ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்துவிட்டு இரண்டாவது கியரில் இறங்கினால், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றிவிடுகிறது. அந்தச் சுமையால் வண்டி தானாகவே அடங்கி இறங்கும். இதைத்தான் ஓட்டுநர்கள், “கியர்ல இறங்கு” என்கிறார்கள். எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பது மலை ஓட்டுநர்கள் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லும் பாலபாடம். ரேஷியோ எண் பெரிதாக இருந்தால் இந்தப் பிடிப்பு கூடும், சிறிதானால் குறையும். பெரிய டயர் மாட்டியதும் இழுவை 8 சதவீதம் போனதுபோல, இந்தப் பிடிப்பும் போகிறது. நேற்று வரை இரண்டாவது கியரில் அடங்கிய வண்டி, இன்று அதே வளைவில் கொஞ்சம் கூடுதலாக ஓடும். உடனே கால் பிரேக்குக்குப் போகும்.

சரி, கிரவுனை மாற்றி ரேஷியோவை உயர்த்திவிட்டால் இந்தப் பிடிப்பு திரும்பிவிடுமே என்று கேட்கலாம். திரும்பிவிடும். திரும்பாதது ஒன்று இருக்கிறது. அது பிரேக்.

பிரேக் டிஸ்க்கும் டிரம்மும் சக்கரத்தோடு இருக்கின்றன. கிரவுனைத் தாண்டி, கடைசியில். அதனால் ஹவுசிங்குக்குள் என்ன மாற்றினாலும் பிரேக்குக்கு அது தெரியாது. ஆனால் டயர் உயரம் தெரியும். டயர் பெரிதானால், அதே பிரேக் அதே அழுத்தத்தில் பிடிக்கும்போது சாலையில் கிடைக்கும் நிறுத்தும் விசை 8 சதவீதத்துக்கு நெருக்கமாகக் குறைந்துவிடும். பெரிய டயரின் எடையும் கூடுதல், சுற்றிக்கொண்டிருக்கும் அந்த எடையையும் பிரேக்தான் நிறுத்த வேண்டும். கிரவுனை மாற்றியதும் வண்டி ஏற்றத்தில் பழையபடி இழுக்கும். “எல்லாம் சரியாயிடுச்சு” என்ற நம்பிக்கை வரும். பிரேக் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் பின்தங்கியே இருக்கும்.

இதில் எவ்வளவு வெப்பம் சம்பந்தப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் விஷயத்தின் கனம் புரியும். வண்டியும் லோடும் சேர்த்து 3 டன் என்று வைப்போம். அது 2,000 அடி உயரம் இறங்கினால் வெளியேற வேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட 5 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். வீட்டில் ஒரு ஏசியை மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டலாம். மலை இறங்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் இத்தனையும் வெப்பமாக எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். காற்றுத் தடையும் டயர் உராய்வும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதியை இன்ஜின் வாங்காவிட்டால் பிரேக்தான் வாங்க வேண்டும்.

பிரேக் ஆயிலுக்கும் ஒரு எல்லை உண்டு. டாட் 3 வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், டாட் 4 என்றால் 230. ஆனால் பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரம் ஏறிய பழைய ஆயிலில் இந்த எல்லை 140, 155 என்று இறங்கிவிடலாம். ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ் உருவாகும். பெடல் மிதித்தால் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது.

எனவே பெரிய டயர், கிரவுன் என்று யோசிக்கிறவர்கள் பட்ஜெட்டில் முதல் வரியாக எழுத வேண்டியது பிரேக் செலவு. புது ஆயில், நல்ல பேட், முடிந்தால் அந்த வண்டிக்கென்றே வரும் பெரிய டிஸ்க். இது இன்ஸ்டா ரீல்ஸில் எடுபடாத செலவுதான், என்ன செய்வது.

பெர்ஃபாமன்ஸ் காருக்கு வேறொரு சிக்கல்

டயரை மாற்றாமல், வேகமான பிக்கப்புக்காக மட்டும் ரேஷியோவை உயர்த்துகிறவர்களுக்கு இறக்கத்தில் பிரச்னை குறைவு. இன்ஜின் பிடிப்பு கூடத்தான் செய்யும். அவர்களுக்கு ஆபத்து ஈரச் சாலையில் இருக்கிறது. ஏற்கெனவே 400 நியூட்டன் மீட்டர் டார்க் உள்ள பின் சக்கர காரில் இன்னும் 10 சதவீதம் சக்கரத்துக்குப் போகும்போது, மழை நனைத்த வளைவில் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கூடுதலாக மிதித்தாலும் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். மலை வளைவில் ‘வெளியே’ என்றால் எங்கே என்று சொல்ல வேண்டியதில்லை.

4x4 வண்டியில் பின்னால் மட்டும் மாற்றலாமா?

கூடவே கூடாது. தார், ஜீப், கூர்கா போன்ற வண்டிகளில் முன் ஆக்ஸிலிலும் ஒரு கிரவுன் பினியன் இருக்கிறது. 4x4 போட்டதும் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் பூட்டப்படும். முன்னால் ஒரு ரேஷியோ, பின்னால் ஒரு ரேஷியோ என்றால், முன் சக்கரம் ஒரு வேகத்திலும் பின் சக்கரம் இன்னொரு வேகத்திலும் ஓடப் பார்க்கும். சேற்றில் சக்கரம் வழுக்கிச் சமாளிக்கும். பிடிப்புள்ள தார்ச் சாலையிலோ பாறையிலோ வழுக்க வழியில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸ், ஷாஃப்ட் ஜாயிண்ட், பல்சக்கரம், இதில் பலவீனமானது உடையும். மாற்றினால் இரண்டையும் ஒரே ரேஷியோவுக்கு மாற்ற வேண்டும், செலவும் இரண்டு மடங்கு.

பழைய ஜீப் வாங்குபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இரண்டாம் உலகப் போர் கால ராணுவ வில்லிஸ் ஜீப்பின் ஆக்ஸில் ரேஷியோ 4.88. அதன் பிறகு வந்த சிஜே வகை ஜீப்புகளில் 5.38. 1940-களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டி விற்கத் தொடங்கிய மஹிந்திரா, இந்த வம்சத்தைத்தான் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. 5.38 என்பது வயல், மேடு, பள்ளம் பார்த்துப் போட்ட ரேஷியோ. நெடுஞ்சாலையில் 60-ஐத் தாண்டினாலே இன்ஜின் அலறும். அதைத் தாங்க முடியாமல் டீசல் இன்ஜின் மாற்றும்போதே ஆக்ஸிலையும் மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. கைமாறிக் கைமாறி வந்த ஜீப்பில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று இருக்க வாய்ப்பு இருக்கிறது.

மாற்றுவது அவ்வளவு கஷ்டமா?

பாகங்களைக் கழற்றி மாட்டுவது கஷ்டமில்லை. கஷ்டம் அளவில் இருக்கிறது. கிரவுனும் பினியனும் ஜோடியாகவே தயாராகின்றன, ஜோடியாகவே மாற்ற வேண்டும். ஒன்று பழசு, ஒன்று புதுசு என்றால் சேராது.

பினியன் எவ்வளவு ஆழத்தில் உட்கார வேண்டும் என்பதை காகிதம் போன்ற மெல்லிய உலோகத் தகடுகளை வைத்து முடிவு செய்கிறார்கள். பட்டறைகளில் இதற்கு ‘சிம்’ என்று பெயர். அடுத்து, இரண்டு பல்சக்கரங்களின் பல்லுக்கு இடையே விட வேண்டிய இடைவெளி. பேக்லாஷ் எனப்படும் இது, பல ஆக்ஸில்களில் 0.15-ல் இருந்து 0.25 மில்லிமீட்டர் வரைதான் இருக்கலாம். தலைமுடியின் தடிமனை விட இரண்டு, மூன்று மடங்கு இருக்கும், அவ்வளவே. டயல் கேஜ் இல்லாமல் கையால் ஆட்டிப் பார்த்து, “கரெக்டா இருக்கு தம்பி” என்று சொல்லும் இடத்தில் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.

இடைவெளி சரியாக இருந்தாலும் பல்லோடு பல் நடுவில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். பல்லில் வண்ணப் பசையைத் தடவி, சுற்றிவிட்டு, எந்த இடத்தில் பசை அழிந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். தடம் ஓரத்தில் விழுந்தால் மறுபடி கழற்றி, சிம் மாற்றி, மறுபடி மாட்ட வேண்டும். ஒரு தடவையில் அமைந்தால் அதிர்ஷ்டம். பேரிங், ஆயில் சீல், நட் எல்லாம் புதிதாகப் போட வேண்டும். ஊற்ற வேண்டிய ஆயில் பெரும்பாலான வண்டிகளில் ஜிஎல்-5 வகை, அதையும் வண்டியின் கையேட்டைப் பார்த்தே ஊற்ற வேண்டும்.

பிறகு பொறுமை. முதல் ஓட்டம் 15, 20 நிமிடம் மெதுவாக ஓட்டி, ஆக்ஸிலை ஆறவிட வேண்டும். முதல் 800 கிலோமீட்டர் வரை முழு வேகம், கனமான லோடு, மலை ஏற்றம் எதுவும் வேண்டாம் என்பதும், அதன் பிறகு ஆயிலை மாற்ற வேண்டும் என்பதும் பல கியர் தயாரிப்பாளர்களின் அறிவுரை. சனிக்கிழமை கிரவுன் மாற்றி ஞாயிற்றுக்கிழமை வெள்ளிமலை ஏறுவதெல்லாம் புது கிரவுனைப் பொசுக்குகிற வேலை. வேலை சரியில்லை என்றால் வண்டியே சொல்லிவிடும். ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போதோ விடும்போதோ பின்னால் இருந்து ‘ஊய்ங்’ என்று ஊளைச் சத்தம் கேட்டால், ஆடியோ சத்தத்தைக் கூட்டாமல் பட்டறைக்குத் திரும்ப வேண்டும்.

ஸ்பீடாமீட்டர் பொய் சொல்லும்

கியர்பாக்ஸின் வெளிப்பக்கத்தில் இருந்து வேகத்தை அளக்கும் வண்டிகளில், 3.73-ஐ 4.10 ஆக்கினால் உண்மையில் 100-ல் போகும்போது மீட்டர் 110 காட்டும். இது பரவாயில்லை, நாம் மெதுவாகத்தான் போவோம். தலைகீழாக மாற்றினால் 100-ல் போகும்போது 91 காட்டும். பெரிய டயர் மாட்டினாலும் இதே கதை. மீட்டர் 100 காட்டும்போது உண்மையில் 108.

புதிய கார்களில் சக்கரத்தின் வேகம், இன்ஜினின் வேகம், போட்டிருக்கும் கியர் மூன்றையும் கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பார்க்கும். கணக்கு இடித்தால் எச்சரிக்கை விளக்கு எரியலாம். ஆட்டோமேட்டிக் கியர் தவறான நேரத்தில் மாறலாம். அதனால் ரேஷியோ மாற்றியதும் கம்ப்யூட்டரில் புது எண்ணைப் பதிவு செய்வதும் வேலையில் ஒரு பகுதி.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களில் இருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, விதிமீறிய ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

“ஆர்சி-யில ஆக்ஸில் ரேஷியோவே போடலையே?” என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான், அப்படி ஒரு கட்டம் அதில் இல்லை. அதற்காக அனுமதி கிடைத்துவிட்டதாக அர்த்தமில்லை. ஹவுசிங்குக்குள் இருப்பதை சாலையில் யாரும் திறந்து பார்க்கப் போவதில்லை என்பதும் பாதி உண்மைதான். விபத்து நடந்த பிறகு திறந்து பார்ப்பார்கள். வெளியே தெரியும் பெரிய டயருக்கு அந்தக் காத்திருப்பும் இல்லை. இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் சொல்லாமல் செய்த மாற்றம் க்ளெய்ம் நேரத்தில் தகராறாக வரும், கம்பெனி வாரண்டியும் கேள்விக்குறியாகும். மூடிய ரேஸ் டிராக்கில் மட்டும் ஓடும் கார்களின் கதை வேறு. அங்கே போட்டி விதிகள்தான் சட்டம்.

பழைய வண்டி வாங்குகிறீர்களா? இதைச் செய்து பாருங்கள்

ரேஷியோ மாற்றிய வண்டியா என்று கண்டுபிடிக்க ஹவுசிங்கைத் திறக்க வேண்டியதில்லை. சமதளத்தில் முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கி ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்த வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகக் கூடாது. கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் விட்ட நிலையில், புரொப்பல்லர் ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு, டயரில் ஒரு கோடு. இரண்டு பின் சக்கரங்களையும் இருவர் சேர்ந்து ஒரே பக்கமாக ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று மூன்றாவது ஆள் எண்ண வேண்டும்.

துல்லியம் வேண்டுமென்றால் 10 சுற்று சுற்றி, எண்ணிக்கையை 10-ஆல் வகுக்கலாம். சுமார் 41 வந்தால் ரேஷியோ 4.10. சுமார் 54 வந்தால் 5.38. 4x4 ஜீப் என்றால் அடுத்து முன்பக்கத்தைத் தூக்கி இதே கணக்கு. இரண்டு எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால், விலை பேசுவதற்கு முன்பே விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி கிடைத்துவிட்டது.